மறைந்த ராப் கலைஞரின் முடிவுறாத அல்பத்தை நிறைவுசெய்து வெளியிடுவது முறையா?

கேள்வி: கொக்குவில் கேட்போன்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் தமிழில் ராப் பாடிவந்த எனது நெருங்கிய நண்பன் சில மாதங்களுக்கு முன்னர் வீதி விபத்தொன்றில் இறந்துவிட்டான். அப்போது அவன் தனது முதலாவது அல்பத்தின் வேலையில் இருந்தான். ஏழு பாடல்கள் எஞ்சியுள்ளன. அவற்றில் நான்குக்குக் குரல்பதிவு முடிந்துவிட்டது, மிக்ஸிங் மட்டுமே மிச்சம். இரண்டில் இரண்டாவது சரணம் எழுதப்படவே இல்லை. ஏழாவது, வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு அவன் கைபேசியில் பாடிப்பார்த்த பதிவு. மின்வெட்டு நேரமாகையால் பக்கத்து வீட்டு ஜெனரேற்றரின் இரைச்சல் பின்னால் கேட்கிறது. பாட்டு முடிந்ததும் "சரிவரேல்லை, இன்னொருக்கா எடுப்பம்" என்று அவன் சொல்வதும் கேட்கிறது.

ஐந்து பாடல்களுக்கு இசையமைத்தவன் நான். மற்ற இரண்டுக்கும் யூரியூப்பில் கிடைத்த பீற்றுகளை, அதாவது பாடுவதற்கென்று ஆயத்தமாக இருக்கும் பின்னணி இசையை, அவன் எடுத்திருந்தான்.

ஆட்டைத் திவசத்துக்கு (முதலாம் ஆண்டு நினைவுச் சடங்குக்கு) முன்னர் பாடல்கள் வெளிவந்துவிட வேண்டும் என்று அவனுடைய அம்மா விரும்புகிறார். கனடாவில் இருக்கும் அண்ணன், பெயர்பெற்ற பாடகர்களை அழைத்து விடுபட்ட சரணங்களை நிரப்பலாம் என்றும், அது இயலாத இடத்தில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தம்பியின் குரலையே உருவாக்கிப் பாடவைக்கலாம் என்றும், செலவு முழுவதையும் தானே ஏற்பதாகவும் சொல்கிறார். அவருடைய பாசத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. தம்பியின் பெயர் நிலைக்க வேண்டும் என்பது மட்டுமே அவருடைய எண்ணம்.

எனக்கும் அவனுக்கும் மிகவும் பிடித்த கலைஞர் அமெரிக்க ராப் பாடகர் மக் மில்லர். அவர் இறந்தபின் வெளிவந்த ‘சேர்க்கிள்ஸ்’ அல்பத்துக்கு அவ்வளவு மரியாதை கிடைத்தது. அதே காலத்தில் வந்த வேறு சில கலைஞர்களின் அல்பங்களோ இறந்தவரை வைத்துச் செய்த வியாபாரம் என்று கண்டிக்கப்பட்டன. இந்த வேறுபாடு எதனால் வந்தது? அதிலிருந்து நான் எதை எடுத்துக்கொள்ள வேண்டும்? இதைப்பற்றிச் சிந்தித்தவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.


பதில்: பழைய ஒலிநாடா

தம்பி, உங்கள் இழப்புக்கு எனது ஆழ்ந்த அனுதாபங்கள். நான் தொண்ணூறுகளிலிருந்து ஹிப்-ஹொப் கேட்டு வருபவன். இப்படியான அல்பங்கள் பலவற்றை அவை வெளிவந்த காலத்திலேயே கேட்டிருக்கிறேன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மக் மில்லர். அவருடைய ‘சுவிமிங்’ அல்பம் 2018 ஓகஸ்ட் 3ஆம் திகதி வெளிவந்தது. செப்ரெம்பர் 7ஆம் திகதி, தமது 26ஆவது வயதில் அவர் இறந்தார். ‘சேர்க்கிள்ஸ்’ அந்த அல்பத்துக்குத் துணையாக அவரே திட்டமிட்டு, ஜோன் பிரையன் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து ஏற்கெனவே வேலைசெய்துகொண்டிருந்த ஒன்று. அவர் இறந்தபின் அதை முடித்துக் கொடுத்தவரும் அதே பிரையன்தான். இருவரும் சேர்ந்து செலவிட்ட நேரத்தையும் பேசிக்கொண்டவற்றையும் வைத்தே முடித்தார். குடும்பம் அவசரப்படவில்லை. 2020 ஜனவரி 8ஆம் திகதி இன்ஸ்ரகிராமில் ஓர் அறிவிப்பை எழுதியது. இதற்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது, ஆனால் உலகம் இதைக் கேட்க வேண்டும் என்பது அவருக்கு முக்கியமாக இருந்ததை மட்டும் நாங்கள் அறிவோம் என்பதே அதன் சாரம். ஜனவரி 17ஆம் திகதி, அதாவது மரணத்தின் பின் 16 மாதங்கள் கழித்து, அல்பம் வந்தது. பாடல் தலைப்புகளில் விருந்தினர் பெயர் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு பாடல்களிலும் அவருடைய குரலே முன்னால் நிற்கிறது. வாத்தியங்கள் அதற்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கின்றன. அமெரிக்காவின் அல்பத் தரவரிசையான பில்போட் 200 பட்டியலில் மூன்றாம் இடம், முதல் வாரத்தில் 164,000 அலகுகள்.

இப்போது பொப் ஸ்மோக் என்ற அமெரிக்க ராப் பாடகரைப் பாருங்கள். 2020 பெப்ரவரி 19ஆம் திகதி, 20 வயதில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஜூலை 3ஆம் திகதி முதலாவது அல்பம் மூத்த ராப் பாடகர் 50 சென்ரின் மேற்பார்வையில் வெளிவந்து முதலிடம் பெற்றது. அதன் அட்டைப்படம் அறிவிக்கப்பட்டபோது இரசிகர்கள் கொதித்தெழுந்ததால் சில நாள்களிலேயே அது மாற்றப்பட்டது. பாடல்களை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். 2021 ஜூலை 16ஆம் திகதி வந்த ‘ஃபெய்த்’ அல்பமும் முதலிடம் பெற்றதுதான். ஆனால் அதில் விருந்தினர் கூட்டத்தினுள்ளே பொப் ஸ்மோக்கைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. அவர் உயிரோடிருந்தபோது சேர்ந்து பாடியிராத பெயர்கள், அவருடைய துண்டுதுண்டான வரிகளைச் சுற்றி நிரப்பப்பட்டிருந்தன. விமர்சகர்கள் கண்டித்தது அதைத்தான். பட்டியலில் முதலிடம் கிடைத்தால் மக்கள் மனதாரப் பெற்றுக்கொண்டார்கள் என்று பொருளாகாது. முதல் வாரத்தில் வாங்குபவர் அல்லது கேட்பவர் பெரும்பாலும் துயரத்தினால்தான் வருகிறார். அவர் இரண்டாவது மாதமும் திரும்பி வருகிறாரா என்பதே வரவேற்பு.

மறைந்த மற்றொரு ராப் பாடகரான எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ரென்ராசியனின் ‘ஸ்கின்ஸ்’ அல்பம் 2018 டிசெம்பரில் வந்தது. பத்துப் பாடல்கள், மொத்தம் ஏறத்தாழ இருபது நிமிடங்கள். அதுவும் முதலிடம், அதுவும் அரைகுறை என்று விமர்சிக்கப்பட்டது. அதைப்பற்றி அதற்குமேல் சொல்ல எனக்கு எதுவுமில்லை.

உங்களுடைய நிலைக்கு மிக நெருக்கமானது அமெரிக்க ராப் பாடகர் ருப்பாக் ஷகூரின் கதை. 1996 செப்ரெம்பர் 13ஆம் திகதி இறந்தார். மக்கவெலி என்ற பெயரில் அவரே ஓகஸ்ட் மாதத்தில் பதிவுசெய்து முடித்திருந்த அல்பம் நவெம்பர் 5ஆம் திகதி வெளிவந்தது. அதை அவருடைய அல்பம் என்று சொல்வதில் எவருக்கும் தயக்கமில்லை. ஆனால் 2004இல் வந்த ‘லோயல் ரு த கேம்’ அல்பத்தில் தயாரிப்பாளரும் ராப் பாடகருமான எமினெம் பழைய குரல்பதிவுகளின் வேகத்தையும் சுருதியையும் தமது இசைக்கு ஏற்ப மாற்றினார். அதோடு நில்லாமல், அசைகளை வெட்டி ஒட்டி, ருப்பாக் இறந்தபின் புகழ்பெற்றவர்களின் பெயர்களை ருப்பாக்கே உச்சரிப்பதுபோலச் செய்தார். எமினெமுக்கு ருப்பாக்கின்மீது இருந்த பக்தியை எவரும் மறுக்கமாட்டார்கள். அந்த அன்பு அந்த வெட்டி ஒட்டலை நியாயப்படுத்தவில்லை. இறந்தவரின் குரல் அவர் சொல்லாததைச் சொல்லத் தொடங்கிவிட்டால், அந்த அல்பத்தில் அவர் உண்மையாகவே சொன்னவற்றின்மீதும் சந்தேகம் படிந்துவிடுகிறது. கனடாவில் இருக்கும் அண்ணனிடம் இதை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்.

விருந்தினர்களைப் பற்றியும் ஒன்று. லில் பீப் என்ற ராப் பாடகர் 2017 நவெம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த ஒரு பாடலில் அவருடைய குரலோடு எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ரென்ராசியனின் குரலும் சேர்க்கப்பட்டிருந்தது. பீப்புடன் சேர்ந்து இசை செய்த நண்பர் ஒருவர், பீப் அந்த மனிதரை வெளிப்படையாகவே நிராகரித்தவர் என்றும் உயிரோடிருந்தால் இதற்குச் சம்மதித்திருக்கமாட்டார் என்றும் எழுதினார். உங்கள் நண்பன் யாரோடு பாட விரும்பினான், யாரோடு விரும்பவில்லை என்பது அவனோடு பக்கத்தில் இருந்த உங்களுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

ஆகவே என்னுடைய கருத்து இதுதான். வேலை எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதில் இந்த வேறுபாடு வரவில்லை. ‘சேர்க்கிள்ஸ்’ அல்பத்திலும் வேலை மிச்சம் இருந்தது. அங்கே முடித்த கை, இறந்தவரோடு முன்னரே வேலைசெய்த கை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அது அறிந்திருந்தது. உங்கள் விடயத்தில் அந்தக் கை உங்களுடையது.


பதில்: கலையகத் தம்பி

மேலே அண்ணா எழுதியதோடு உடன்படுகிறேன். நான் ஒலிப்பதிவு செய்பவன் என்பதால் வேலைமுறையை மட்டும் சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்னர் மடிக்கணினியிலும் கைபேசியிலும் உள்ள எல்லாக் கோப்புகளையும், அவன் வேண்டாமென ஒதுக்கியவை உட்பட, இரண்டு வன்தட்டுகளில் பிரதியெடுத்து ஒன்றை அம்மாவிடமும் மற்றதை உங்களிடமும் வையுங்கள். கோப்புகளின் பெயர்களையும் திகதிகளையும் மாற்றாதீர்கள். எந்தப் பதிவு முதலில் வந்தது, எதைப் பிறகு திருத்தினான் என்பதற்கு அந்தத் திகதிகள்தான் சாட்சி. பலருக்கு வற்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். மக் மில்லர் 2014ஐ ஒட்டிய காலத்தில் பதிவுசெய்த ‘பலூனரிசம்’ என்ற அல்பம் பல ஆண்டுகளாக இணையத்தில் கசிந்த பிரதிகளாகவே சுற்றிக்கொண்டிருந்தது. குடும்பம் அதை 2025 ஜனவரியில் முறையாக வெளியிட்டதற்கு அந்தக் கசிவுகளும் ஒரு காரணம்.

முடிந்த நான்கு பாடல்களில், ஒரே வரியைப் பலமுறை பாடியிருந்தால் எதை அவன் கடைசியாகத் தெரிவுசெய்து அடுக்கில் வைத்திருந்தானோ அதையே வையுங்கள். வேறொன்று உங்கள் காதுக்கு இனிமையாகப் பட்டாலும் மாற்ற வேண்டாம். அவன் ஓட்டோரியூன் (குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருள்) பயன்படுத்தாத இடத்தில் நீங்கள் பயன்படுத்த வேண்டாம். வரிக்கும் வரிக்கும் இடையே அவன் மூச்செடுக்கும் ஒலியைத் துடைத்துவிடாதீர்கள். ராப் பாடகருக்கு மூச்சும் தாளத்தின் ஒரு பகுதி, எங்கே மூச்செடுக்கிறான் என்பதை வைத்தே அவன் எவ்வளவு நெருக்கமாகச் சொற்களை அடுக்கினான் என்பது கேட்பவருக்குப் புலப்படும்.

சரணம் இல்லாத இரண்டையும் நிரப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு சரணமும் பல்லவியும் போதும். பாடல் இரண்டு நிமிடத்தில் முடிந்தால் முடியட்டும். இல்லாவிட்டால் இரண்டாவது சரணம் வரவேண்டிய இடத்தில் உங்கள் இசை மட்டும் தொடரட்டும்.

ஏழாவது பதிவைப் பற்றி அவனே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "சரிவரேல்லை" என்பது நீங்கள் ஊகித்து அறிந்துகொண்ட விருப்பம் அல்ல, ஒலிவடிவில் இருக்கும் அவனுடைய சொந்தச் சொல். அந்தச் சொல்லை வெட்டியெறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் வெளியிடுவது மிகத் தவறானது.


பதில்: பனங்கூடல்

நான் இங்கே மாறுபட்ட கருத்தைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். எதையும் பொதுவெளியில் வெளியிடாமல் இருப்பதும் ஒரு முறையான தெரிவுதான். அன்டர்சன் பாக் என்ற அமெரிக்கக் கலைஞர் 2021இல் தமது முன்கையில் பச்சை குத்திக்கொண்டார்: தாம் இறந்தபின் தமது பெயரில் அல்பமோ பாடலோ வெளியிட வேண்டாம், அவையெல்லாம் மக்கள் கேட்பதற்காகச் செய்யப்படாத முன்வரைவுகள் என்பதே அதன் பொருள். சட்டத்தரணியிடம் எழுதி வைத்தால் போதாது, உடம்பிலேயே எழுதிவைக்க வேண்டும் என்று ஒரு கலைஞருக்குத் தோன்றுமளவுக்கு இந்தத் துறை நடந்துகொண்டிருக்கிறது.

செயற்கைக் குரல் பற்றி ஒரு சொல். எங்கள் ஊரில் அந்தியேட்டி என்ற இறுதிச் சடங்குக்குக் கல்வெட்டு என்னும் நினைவு நூல் அச்சிடுகிறோம். அதில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று தலைப்பிட்டு, அவர்கள் வாயால் சொல்வதுபோலப் புலவர் ஒருவர் பாட்டெழுதுவார். எவரும் அதைக் குறைசொல்வதில்லை, ஏனெனில் யாருக்காக எழுதப்படுகிறதோ அவர்கள் உயிரோடு இருந்து, வாசித்து, சரியென்று சொன்ன பின்னரே அது அச்சுக்குப் போகிறது. இறந்தவர் உரைப்பதாக எழுதும் இடத்தில்கூட அது புலவரின் பாட்டு என்பது வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். செயற்கைக் குரலில் அந்தத் தெளிவு இல்லை. கேட்பவர் அவனே பாடினான் என்று நம்புவார். நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் அது செய்யப்படுகிறது. 2024இல் டிரேக் என்ற ராப் பாடகர் தமது பாடலொன்றில் ருப்பாக்கின் குரலைச் செயற்கையாக உருவாக்கிச் சேர்த்தபோது, ருப்பாக்கின் உரிமையாளர்கள் சட்ட அறிவித்தல் அனுப்பினார்கள். அந்தப் பாடல் நீக்கப்பட்டது.


பதில்: சட்டம் படித்தவள்

உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை இதுவரை எவரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை படைப்பாளியின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் மேலும் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. பாடல்வரிகள் உங்கள் நண்பருடையவை. ஐந்து பாடல்களின் இசை உங்களுடையது. எனவே குடும்பம் உங்களைக் கேளாமலோ, நீங்கள் குடும்பத்தைக் கேளாமலோ வெளியிட முடியாது. பணம் சம்பந்தப்பட்ட உரிமைகளுக்கு அப்பால், படைப்பு தனது பெயரிலேயே வழங்கப்பட வேண்டும், தனது மதிப்புக்குக் குந்தகமாகத் திரிக்கப்படக் கூடாது என்ற ஒழுக்க உரிமைகளும் படைப்பாளிக்கு உண்டு. அவர் இறந்தபின் அவற்றைக் காக்க வேண்டியவர்கள் வாரிசுகள். அண்ணன் செலவு செய்வதனால் மட்டும் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். உயில் இல்லாதபோது வாரிசு யார் என்பது, யாழ்ப்பாணத் தமிழரின் மரபுவழிச் சட்டமான தேசவழமைச் சட்டம் அந்தக் குடும்பத்துக்குப் பொருந்துகிறதா என்பதைப் பொறுத்தும் மாறக்கூடும். யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி ஒருவரிடம் நேரில் கேட்டு, எல்லோரும் கையொப்பமிட்ட ஓர் உடன்படிக்கையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

யூரியூப்பில் எடுத்த பீற்றுகள்தான் உங்களுக்குச் சிக்கல் தரக்கூடியவை. இலவசம் என்று போட்டிருந்தாலும், வருமானம் ஈட்டாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம் என்பது பெரும்பாலும் கீழே எழுதப்பட்டிருக்கும். பணம் கொடுத்து வாங்கியிருந்தால் அது வாங்கியவரின் பெயரில், குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட அனுமதியாக இருக்கும். அவருடைய மின்னஞ்சலில் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் பீற்றைச் செய்தவருக்கு நிலைமையை விளக்கி எழுதிப் புதிய அனுமதி பெறுங்கள்.

வரிகளையும் ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பஞ்சாபிப் பாடகர் சித்து மூஸ்வாலா 2022 மே 29ஆம் திகதி கொல்லப்பட்ட பின்னர், ஜூன் 23ஆம் திகதி வெளிவந்த ‘எஸ்வைஎல்’ என்ற பாடல் சில நாள்களுக்குள் இந்தியாவில் யூரியூப்பிலிருந்து நீக்கப்பட்டது. அது பஞ்சாபின் ஆற்றுநீர்ப் பிரச்சினையைப் பேசிய பாடல். வரிகளை மாற்றச் சொல்லி நான் இதைச் சொல்லவில்லை, மாற்றவும் கூடாது. பாடியவர் இல்லாத நிலையில் கேள்விகள் அம்மாவிடம்தான் வரும் என்பதால், அந்த வரிகளில் என்ன இருக்கிறது என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.


பதில்: கொக்குவில் கேட்போன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அம்மாவோடும், காணொலி அழைப்பில் அவனுடைய அண்ணாவோடும் நீண்ட நேரம் பேசினேன். ருப்பாக்கின் குரல் வெட்டி ஒட்டப்பட்ட விடயத்தைச் சொன்னதும் அண்ணா செயற்கைக் குரல் யோசனையைக் கைவிட்டார். முடிந்த நான்கையும், ஒரு சரணம் மட்டும் உள்ள இரண்டையும் அப்படியே வெளியிடுவதென்று மூவரும் இணங்கினோம். ஏழாவது பதிவு வெளிவராது; அது வன்தட்டில் அம்மாவிடம் இருக்கும். பனங்கூடல் எழுதியதை நான் பலமுறை வாசித்தேன். அவன் அல்பத்துக்குப் பெயரும் வைத்து, பாடல்களின் வரிசையையும் கொப்பியில் எழுதிவைத்திருந்தான். மக்கள் கேட்க வேண்டும் என்று அவன் விரும்பியதற்கு அதைவிடச் சான்று எனக்குத் தேவையில்லை.

இரண்டு கேள்விகள் மிச்சம். அண்ணா இன்னமும் விருந்தினர்களை விரும்புகிறார். அத்துடன், பீற்றுகளுக்கு அனுமதி கிடைக்கும்வரை காத்திருந்தால் ஆட்டைத் திவசத்துக்குள் முடிக்க இயலாது.


பதில்: பழைய ஒலிநாடா

தம்பி, திகதியை ஒருபோதும் முதலில் தீர்மானிக்காதீர்கள். ராப் பாடகர் நொற்றோரியஸ் பி.ஐ.ஜி. 1997 மார்ச் 9ஆம் திகதி கொல்லப்பட்டு 16 நாள்களில் ‘லைஃப் ஆஃப்ரர் டெத்’ வெளிவந்தது என்றால், அந்த இரட்டை அல்பத்தை அவரே முடித்து வைத்திருந்தார் என்பதால்தான் அது சாத்தியமானது. உங்களிடம் இருப்பது அப்படியானதல்ல. திவசத்தன்று முடிந்த நான்கு பாடல்களையும் வீட்டில் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் போட்டுக் காட்டுங்கள்; அம்மாவின் விருப்பம் அன்று நிறைவேறட்டும். இணையத்தில் தரவேற்றம் செய்வது அனுமதிகள் எல்லாம் கைக்கு வந்த பின்னர் நடக்கட்டும், அது அடுத்த ஆண்டானாலும் பரவாயில்லை.

அண்ணன் அழைக்க விரும்பும் பாடகர்கள் தம்பியை நினைந்து தங்கள் சொந்த வரிகளில் தனியாக ஒரு பாடல் செய்யலாம். அதற்கு நீங்களே இசையமைத்துக் கொடுங்கள். அது அவர்களுடைய பெயர்களில், வேறொரு நாளில் வெளிவரட்டும். அல்பத்தின் விவரக்குறிப்பில் மட்டும் எல்லாவற்றையும் திறந்து எழுதுங்கள்: எந்தப் பாடலில் அவன் எதுவரை முடித்திருந்தான், அவன் இறந்தபின் நீங்கள் சேர்த்தவை எவை, எந்த இடத்தில் சரணம் இல்லை என்று.